வாசலில் காசு கேட்பதில்லை

கேள்வி: இரட்சிப்பு இலவசம் என்கிறார்கள், சிலுவையைச் சுமந்து பின்னே வா என்றும் சொல்கிறார்கள். இலவசம் என்றால் விலை எதற்கு? (ஒரு வாசகி, பாளையம், திருவனந்தபுரம்)

பதில்: வாசலில் காசு கேட்பதில்லை அம்மா, உள்ளே போனவரைத் திரும்ப வெளியே இழுக்கத்தான் ஆள் வரும். விலை அப்போதுதான் தெரியும்.

உங்கள் பழைய திருவிதாங்கூரிலேயே பாருங்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரசு ஊழியர். குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் சொன்ன யோபுவின் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்கு ஒரு சக்கரக் காசுகூட யாரும் கேட்கவில்லை. 1749-இல் கையில் விலங்கு விழுந்தது. எருமை மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள் என்பார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு.

இந்த வேதனையைக் கொடுத்தா மோட்சம் வாங்கினார்? இல்லவே இல்லை. அது 1745-லேயே கையில் இருந்தது; அதை விடமாட்டேன் என்றதற்குத்தான் இத்தனையும்.

2022-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர். கல்யாணப் பேச்சு வந்தால், சாதியை விடுவது என்ற அந்த ஒரு விலையைக் கொடுக்க இன்றைக்கும் நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை; எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.