ஓட்டல் தீர்ப்பின் திணைப் பாகுபாடு

ஓட்டல் தீர்ப்பு என்பது, சாப்பிட்டுக் கை கழுவியவர் அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சாப்பிடாதவரிடம் சொல்லும் கூற்று. அதன் நீளம் பெரும்பாலும் இரண்டு சொல்லைத் தாண்டாது. "சாம்பார் சுமார்", "பொங்கல் பரவால்ல", "பில்லுதான் பெரிசு" ஆகியவை இதன் செவ்விய வடிவங்கள். எதிரில் இருப்பவர் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சொல்பவருக்குச் சமையலில் தேர்ச்சி வேண்டும் என்பதும் இல்லை. வாய் இருந்தால் போதும். அது இருப்பது சாப்பிட்டபோதே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

இதை எழுத்துத் துறையாக்கிய பெருமை பாரிஸ் நகரத்துக்கு உரியது. கிரிமோ த லா ரேனியேர் என்பவர் 1803-இல் உணவுக் கையேடு ஒன்றை வெளியிடத் தொடங்கி, ஊரிலுள்ள கடைகளைப் பெயர் சொல்லி மதிப்பிட்டார். தமிழ்நாட்டில் இது இன்னும் வாய்மொழி வழக்காறாகவே இருக்கிறது. வண்டியின் ஸ்டாண்டை எடுப்பதற்குள் தீர்ப்பு இயற்றப்பட்டு, மறுநாள் அலுவலகத்தில் அரங்கேறி, ஒரு வாரத்துக்குள் இயற்றியவர் பெயர் தெரியாத பாடலாகிவிடும்.

அளவுகோல் எளியது போலத் தோன்றும். அடிப்படியில் "வாயில வைக்க முடியல". அதற்கு மேல் "சுமார்", பிறகு "பரவால்ல", "சாப்பிடலாம்", "நல்லாருக்கு". உச்சியில் சில ஆண்டுகளாக "வேற லெவல்" குடியேறியிருக்கிறது. ஆனால் படிகளுக்கு இடையே உயரம் ஒன்றுபோல இல்லை. மதுரைக்காரர் சென்னையில் தின்ற பரோட்டாவைச் "சாப்பிடலாம்" என்றால் அது பாராட்டுப் பத்திரம். அதையே சென்னைக்காரர் சொன்னால் வேறு கடை தேட வேண்டும். ஓட்டலுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டம் "வீட்டுச் சாப்பாடு மாதிரி" என்பதும், வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டம் "ஓட்டல் மாதிரியே" என்பதும் ஓர் ஐயத்தை எழுப்புகின்றன. இந்த அளவுகோல் சாப்பாட்டை விட்டு வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறது.

அது என்ன என்பதற்குத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் விடை உண்டு. அகப்பாட்டின் பொருள் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கப்படும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், விலங்கு, மரம், பறை முதலியன கருப்பொருள். கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஒழுக்கங்களே உரிப்பொருள். உணவு இவற்றுள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அது கருப்பொருள், மரத்தோடும் பறையோடும் சேர்த்துப் பின்னணியில் நிறுத்தப்பட்ட சரக்கு. ஓட்டல் தீர்ப்பிலும் நிலைமை இதுவே. சாம்பார் அங்கே இருக்கிறது, பேச்சு சாம்பாரைப் பற்றியது அன்று. ஆகவே தீர்ப்புகளைப் பதார்த்தவாரியாகப் பிரிப்பது வீண் வேலை. திணைவாரியாகப் பிரித்தால் எல்லாம் ஒழுங்காக உட்காருகின்றன.

குறிஞ்சியின் ஒழுக்கம் கூடல், அதிலும் களவு. பெயர்ப்பலகை இல்லாத ஒரு மெஸ், இரண்டு திருப்பம் தாண்டிய ஒரு சந்து, மூன்றே மேஜை. கண்டுபிடித்தவர் அதை எவரிடமும் சொல்வதில்லை. "எங்க சாப்பிட்டீங்க?" என்றால் "சும்மா, பக்கத்துலதான்" என்பதே பதில். குறிஞ்சிக்குரிய பொழுது யாமம் என்பதும் பொருந்திவருகிறது. நள்ளிரவுக் கொத்து பரோட்டாக் கடை இத்திணையின் இரவுக்குறி. தோசைக்கல்லில் இரண்டு தகடுகள் மோதி எழுப்பும் தாளம் இதன் தொண்டகப்பறை. இந்தக் களவுக்கு முடிவு அலரால் வருகிறது. ஒருநாள் யாரோ கைபேசியோடு வந்து கல்லையும் மாஸ்டரையும் படம்பிடித்துப் போட்டுவிடுவார். அகமரபில் களவு வெளிப்பட்டால் கற்பு தொடரும். இங்கே க்யூ தொடரும். அதன்பிறகு முதலில் கண்டவர் தரும் தீர்ப்பு "இப்பல்லாம் அங்க போறதே இல்ல" என்பது.

முல்லையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒழுக்கம் இருத்தல், பொழுது மாலை. ஞாயிறு மாலை குடும்பத்தோடு போய், உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் காபிக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பதே முழு ஒழுக்கமும். தீர்ப்பில் பலகாரத்தின் பெயரே வராது. "முக்கால் மணி நேரம் நின்னோம்" என்பதோடு சரி. குரலில் புகார் போல ஒன்று இருந்தாலும் அது பெருமிதமே. நிற்கும் நேரம் கூடக்கூட தோசையின் தரமும் கூடும், ஏனெனில் சுமாரான தோசைக்கு முக்கால் மணி நேரம் நின்றதாக எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் உளவியலாளர் 1957-இல் ஒரு தனி நூலே எழுதி விளக்கிய மனமுரண் இதுதான். இரண்டு ரவா தோசையில் விளங்கியிருக்கும்.

மருதமே இத்துறையின் நெஞ்சு. நிலம் நகரம். பொழுது வைகறை, அதாவது இட்லியும் பொங்கலும் இறங்கும் நேரம். ஒழுக்கம் ஊடல். இதன் பாட்டு ஒரே வரி: "முன்ன மாதிரி இல்ல." மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் பக்கம் வயதான எந்த ஓட்டலின் மீதும் இந்தத் தீர்ப்பு ஒருமுறையாவது விழுந்திருக்கும். சொல்பவர் யார் என்று பார்த்தால், ஒரு தடவை போய் ஏமாந்தவராக இருக்க மாட்டார். வாரந்தோறும் அதே மூலை மேஜையில் உட்காருபவர்தான் சொல்வார். நாளைக் காலையும் அங்கேதான் இருப்பார். வெறுப்பு வேறு, ஊடல் வேறு. வெறுத்தவர் அந்தத் தெருவையே மறந்துவிடுவார். ஊடுபவர்தான் கெட்டிச் சட்னியில் பொட்டுக்கடலை எவ்வளவு, தேங்காய் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார். சங்க மருதத்திலிருந்து இது ஓரிடத்தில் விலகுகிறது. அங்கே தலைவன் பரத்தையிற் பிரிய, தலைவி ஊடுவாள். இங்கே எதிர்ச்சாரியில் திறந்த புதிய ஓட்டலுக்குப் போய் வந்தவரும் அவரே, திரும்பி வந்து ஊடுபவரும் அவரே.

காரணம் கேட்டால் முதலில் வருவது மாஸ்டர் கொள்கை. "பழைய மாஸ்டர் போயிட்டாரு." இந்தப் பழைய மாஸ்டரைக் கண்ணால் கண்டவர் அரிது என்றாலும், போன இடம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்: ஒன்று துபாய், அல்லது சொந்தக் கடை. சொந்தக் கடையைத் தேடிப் பிடித்துச் சாப்பிட்டவர்கள் "கை அதேதான், ஆனா அந்த ருசி வரல" என்று அறிவித்திருப்பது கொள்கைக்குச் சிறு பின்னடைவு. அடுத்தது கிளைக் கொள்கை. இதன்படி ஓட்டலின் ருசி ஒரு குறிப்பிட்ட அளவு மட்டுமே உள்ளது. கிளை திறக்கத் திறக்க அது பங்கு பிரிந்துபோகிறது. முதற்கடையில் மட்டும் மூலதனம் மிச்சமிருக்கும். "மெயின் பிராஞ்ச்லதான் சாப்பிடணும்" என்பதை முதற்கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்புவதில்லை.

தண்ணீர்க் கொள்கை இவற்றைவிட ஆழமானது. கோவைக்காரருக்குச் சிறுவாணி, கும்பகோணத்தாருக்குக் காவிரி, ஆம்பூர் பிரியாணிக்குப் பாலாறு. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரிகிறது என்பது இக்கொள்கையைச் சற்றும் பாதித்ததில்லை. சென்னையில் இதைச் சோதிக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரிக்கு வந்தது. 2004-இல் வீராணம் ஏரி நீர் குழாய் வழியே வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கின. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஆக, சென்னைச் சாம்பார் ஆந்திரத்தையும் கடலூர் மாவட்டத்தையும் வங்கக் கடலையும் அடுத்தடுத்துக் குடித்திருக்கிறது. இவற்றுள் எந்த ஆண்டில் சாம்பார் கெட்டது என்று கேட்டால், "அதுக்கெல்லாம் முன்னாடியே" என்பார்கள்.

நான்காவது கொள்கைக்கு இடமிருந்தும் அதை முன்மொழிய ஆள் கிடைக்கவில்லை. ருசி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு மணம். அறுபதைக் கடந்தவர்களில் பலருக்கு மோப்பத்திறன் மங்கத் தொடங்குகிறது. இருபத்தைந்து வயதில் தின்ற நெய்ப்பொங்கலை அறுபத்தைந்தில் தின்பதோடு ஒப்பிடும்போது, மாறியது மாஸ்டராகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஊடல் தணிக்க வாயில்கள் வேண்டும். சங்கப் பாணனின் இடத்தில் இங்கே சப்ளையர் நிற்கிறார். "சார், இப்பத்தான் சூடா வடை போட்டாங்க, ஒண்ணு கொண்டு வரட்டா?" என்பது தூது மொழி. முதலில் மறுப்பதும் பிறகு இரண்டாகக் கொண்டுவரச் சொல்வதும் வாயில் மறுத்தல், வாயில் நேர்தல் என்னும் துறைகள். 1948 முதல் நடக்கும் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் தூதே தேவைப்படுவதில்லை. இட்லி முழுகும்வரை சாம்பார் ஊற்றப்படுகிறது. ஊடல் அதிலேயே முழுகிவிடுகிறது.

நெய்தல் இரங்கலுக்கு உரியது. பொழுது எற்பாடு, சாயங்காலக் காபிக்குச் சற்று முன். மூடப்பட்ட ஓட்டல்களின் மீதான தீர்ப்பெல்லாம் இதில் அடங்கும். கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டது. காரை விட்டு இறங்காமலே சாப்பிடலாம் என்பது அதன் சிறப்பு. அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. இயங்கிய காலத்தில் அதுவும் மருதத்தில்தான் இருந்திருக்கும். மூடியபின் அதன் பூரிக்கிழங்கைப் பற்றிக் குறை சொன்னவர் இல்லை. சாப்பிட்டுப் பார்த்துப் பொய்ப்பிக்க முடியாத தீர்ப்பு ஆண்டுக்கு ஆண்டு உயரும். அங்கே சாப்பிட்டே இராதவர்களும் இப்போது இரங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பாலைக்குத் தொல்காப்பியர் நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நெடுஞ்சாலையில் இதை நேரே காணலாம். சந்துக்குள் குறிஞ்சியாக இருந்த மெஸ் பைபாஸில் கிளை போட்டு, நாற்பது காருக்கு நிழற்கூரையும் குழந்தைகளுக்குச் சறுக்குமரமும் வைத்துவிட்டால் பாலையாகிவிடும். பொழுது நண்பகல். ஒழுக்கம் பிரிதல், அதாவது ஊரைப் பிரிதல். இதன் முதல் விதி: வீட்டுக்கும் கடைக்கும் தொலைவு கூடினால் ருசி கூடும்.

இந்த விதியை மேல்நாட்டார் டயர் கம்பெனியின் உதவியோடு கண்டடைந்தார்கள். மிஷ்லின் சகோதரர்கள் கார் ஓட்டிகளுக்கான கையேட்டை 1900-இல் வெளியிட்டார்கள். 1926-இல் அதில் ஓட்டல்களுக்கு நட்சத்திரம் சேர்ந்தது. 1936-இல் நட்சத்திரங்களுக்குப் பொருள் வரையறுக்கப்பட்டது: இரண்டு நட்சத்திரம் என்றால் வழியைச் சற்று மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்கென்றே தனிப் பயணம் போகலாம். டயர் விற்பவர் உணவைத் தேய்மானத்தால் அளந்தது இயல்பே. தமிழ்நாட்டில் அளவு பசியால் நடக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்கு வேலூரிலேயே பசி வந்துவிடும். ஆனாலும் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் தாங்கி ஆம்பூர் போய், சீரகச் சம்பா பிரியாணியைக் கத்தரிக்காய்த் தொக்கோடு சாப்பிடுவார்கள். அந்த ஐம்பது கிலோமீட்டரும் மசாலாவில் சேரும். தென்பக்கம் போகிறவர்களுக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. செங்கல்பட்டைத் தாண்டியதுமே பித்தளை டபராவோடு கும்பகோணம் தொடங்கிவிடுகிறது.

பாலையில் ஆறலை கள்வர் உண்டு. வழிப்போக்கரை மறித்துப் பொருள் பறிப்பவர்கள் என்று உரைகள் கூறும். பேருந்துகள் இரவில் நிற்கும் மோட்டல்கள் இவ்வகையில் மரபை விடாமல் காத்துவருகின்றன. "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்ற குரல் எழும். வேறு கடை கண்ணுக்கெட்டிய தூரம் இராது. தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலை ஓர் ஆலோசனை மட்டுமே. பொருள்வயிற் பிரிவு என்பதற்குப் பொருள் தேடிப் பிரிதல் என்று பழைய உரையாசிரியர்கள் சொன்னார்கள். மோட்டலில் பிரிவது பொருளே. ஓட்டுநரும் நடத்துநரும் தனியறையில் சாப்பிடுவதால் அவர்களுடைய தீர்ப்பு ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. மறுகோடியில், 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி தீர்ப்பையே செயலிழக்கச் செய்தது. "ஒரு ரூபாய்க்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ஐந்திணைக்குப் புறம்பாக எஞ்சுபவை இரண்டு. பெருந்திணை பொருந்தாக் காமம்: இட்லிக்குப் பேர்போன கடையில் போய்ப் பாஸ்தா கேட்பது, பிறகு "அவ்வளவா சரியில்ல" என்று ஊரெல்லாம் சொல்வது. இதற்குக் கடையையும் குற்றம் சொல்லலாம். அட்டையில் பாஸ்தாவை அச்சடித்தது அவர்கள்தான்.

கைக்கிளை ஒருதலைக் காமம். இதில் ஆசைப்படுவது ஓட்டல். பில்லோடு ஒரு கருத்துச் சீட்டும் பேனாவும் வரும். சுவை, சுத்தம், உபசரிப்பு என்று வரிசையாகக் கேள்விகள்; எதிரே "மிக நன்று" முதல் "மோசம்" வரை கட்டங்கள். மேஜையில் ஐந்து நிமிடத்துக்கு முன்பு சாம்பாரை "சுடுதண்ணி" என்றவரும் எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்திலேயே மேலிருந்து கீழாக டிக் போடுவார். சப்ளையர் பக்கத்தில் நிற்பது ஒரு காரணம், படிக்கப் பொறுமையில்லாதது இன்னொன்று. கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் மாற்றி எழுதப்படும். சரியான எண்ணோடும் முழுக் கையெழுத்தோடும் ஒரு சீட்டு கிடைக்கவேண்டுமானால், வாங்காத ஒரு ரோஸ்மில்க் பில்லில் ஏறியிருக்க வேண்டும்.