ஓரம் போ, எலெக்ட்ரான்!

ஹென்றி ரோலண்ட் என்று ஓர் அமெரிக்க விஞ்ஞானி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் இயற்பியல் பேராசிரியர். ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போன இடத்தில், "இன்றைக்கு இருப்பவர்களில் தலைசிறந்த இயற்பியலாளர் யார்?" என்று வக்கீல் கேட்க, "நான்தான்" என்றாராம் மனிதர். வெளியே வந்ததும் நண்பர்கள் நெளிந்தார்கள். "என்னய்யா செய்ய? சத்தியம் பண்ணிட்டு இல்ல கூண்டுல ஏறினேன்!" என்றாராம். இப்படி ஒரு கதை உலவுகிறது. இந்த சத்தியசந்தர் தேடித் தோற்றுப்போன ஒன்றைத்தான் அவருடைய மாணவன் கண்டுபிடித்தான்.

மாணவன் பெயர் எட்வின் ஹால். வயது 23. படித்துக்கொண்டிருந்தது மேக்ஸ்வெல்லின் புத்தகம். மேக்ஸ்வெல் யார்? மின்காந்தவியலின் சூப்பர் ஸ்டார். மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தம் தள்ளுகிறதே, அது கம்பியைத்தான் தள்ளுகிறது, உள்ளே ஓடும் கரன்ட்டை அல்ல என்று தலைவர் எழுதிவைத்திருந்தார். ஹாலுக்கு இடித்தது. கரன்ட் இல்லாத கம்பியைக் காந்தம் சீண்டுவதே இல்லையே, பிறகு எப்படி? பையன் ரோலண்டிடம் போய் நின்றான். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, செய்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்றார் குரு. அவர் எடுத்துக்கொண்ட உலோகம் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான் விஷயம்!

இந்த முறை மெல்லிசாக எடுத்துக்கொள் என்று யோசனை சொன்னவரும் ரோலண்ட்தான். கண்ணாடிமேல் தங்க ரேக்கு. ஆமாம், தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிற அதே சமாச்சாரம். நீளவாக்கில் கரன்ட், செங்குத்தாகக் காந்தம். 1879 அக்டோபர் கடைசியில் பக்கவாட்டில் வைத்த கால்வனாமீட்டர் முள் நகர்ந்தது. காந்தம் கரன்ட்டையே ஓரத்துக்குத் தள்ளுகிறது! நவம்பர் 5-ந் தேதி மேக்ஸ்வெல் இறந்துபோனார். ஒரு பொடியன் தன் புத்தகத்தில் கைவைத்த சேதி தெரியாமலே.

நூறு வருடம் ஓடட்டும். 1980 பிப்ரவரி 5, பிரான்சின் கிரெனோபிள், ராத்திரி இரண்டு மணி. கிளாஸ் ஃபான் கிளிட்சிங் என்ற ஜெர்மானியர் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரை உறைய உறையக் குளிரவைத்து, பிரம்மாண்டமான காந்தத்துக்குள் வைத்து, கிராஃப் எடுக்கிறார். சாய்கோடாக இறங்கவேண்டிய ஹால் மின்தடை (பக்கவாட்டு மின்னழுத்தத்தைக் கரன்ட்டால் வகுத்தது), படிக்கட்டு படிக்கட்டாக இறங்குகிறது. ஒவ்வொரு படியும் 25,812.8 ஓமை 1, 2, 3, 4 என்று முழு எண்ணால் வகுத்தது. சிலிக்கான் துண்டு நீளமா, குட்டையா, யார் செய்தது, எதுவும் பொருட்டல்ல. பிளாங்க் மாறிலியும் எலெக்ட்ரானின் மின்சுமையும் மட்டுமே தீர்மானிக்கிற எண். இந்தப் படிகள் 1978-லேயே ஜப்பானியர் கிராஃபிலும் இருந்தன, கிளிட்சிங்கே கூட்டாக எழுதிய ஒரு பேப்பரிலும் இருந்தன. இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

மின்தடைக்கே இதை அளவுகோலாக வைக்கலாம் என்று ஓர் ஆய்விதழுக்கு அட்டகாசமாக எழுதி அனுப்பினார். அதைவிடத் துல்லியமான அளவுகோல் எங்களிடம் இருக்கிறதே என்று பதில் வந்தது. மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை. வேறொரு மாறிலியை அளக்க இது புது வழி என்று தலைப்பை மாற்றினார், பிரசுரமாகிவிட்டது. 1985-ல் தனியொருவராக நோபல் வாங்கினார். 1990 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க ஓமுக்கு அளவுகோல் எது என்கிறீர்கள்? ஒதுக்கப்பட்ட அதே ஐடியாதான்.

இங்கே நம்ம ஆள் ஒருவர் வருகிறார். சென்னையில் பிறந்த டி.வி.ராமகிருஷ்ணன். 1979-ல் ஆண்டர்சன், ஏப்ரஹாம்ஸ், லிச்சியார்டெல்லோவோடு சேர்ந்து ஒரு குண்டு போட்டார். தட்டையான இரண்டு பரிமாணத்தில் துளி அழுக்கு இருந்தால் போதும், எல்லா எலெக்ட்ரானும் கடைசியில் எங்காவது மாட்டிக்கொள்ளும், மின்சாரம் பாய முடியாது. நால்வர் என்றால் நமக்குத் தேவாரமும் திருவாசகமும் ஞாபகம் வரும். இயற்பியல் உலகத்துக்கு மாவோவின் மனைவியும் மூன்று கூட்டாளிகளும் ஞாபகம் வந்து, 'நால்வர் கும்பல்' என்று பெயர் வைத்தது. அடுத்த வருடமே கிளிட்சிங்கின் தட்டைச் சிலிக்கானில் மின்சாரம் ஜம்மென்று பாய்கிறது!

நால்வர் கணக்கு தப்பா? தப்பே இல்லை. அவர்கள் கணக்கில் காந்தம் கிடையாது. அதைவிட வேடிக்கை, அவர்கள் சொன்ன அந்த 'மாட்டிக்கொள்ளுதல்' இல்லாவிட்டால் படிக்கட்டே இல்லை. புதிதாகச் சேரும் எலெக்ட்ரான்கள் அழுக்கில் சிக்கி உட்கார்ந்துவிடுவதால்தான் படி தட்டையாக இருக்கிறது. துளி அழுக்கும் இல்லாத சாம்பிள் கொண்டுவந்தால் பழைய சாய்கோடுதான். அழுக்குக்கு இப்படி ஒரு மரியாதை!

அப்படியானால் ஓடுவது யார்? 1982-ல் ஹார்வர்டின் பெர்ட்ரண்ட் ஹால்பெரின் கைகாட்டிய இடம், ஓரம். நடுவில் இருக்கும் எலெக்ட்ரானைக் காந்தம் நின்ற இடத்திலேயே வட்டமடிக்க வைக்கிறது. ஓரத்தில் இருப்பதற்கு வட்டத்தை முடிக்க இடமில்லை. விளிம்பில் முட்டி முட்டி, ஒரே திசையில் தத்திக்கொண்டு போகிறது.

பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்காக எங்கள் வேங்கிக்காலில் பஸ்ஸை விட்டு இறங்கும் கூட்டம் செய்வதும் இதைத்தான். மலைக்குள் குகைச் சாமியார்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, ஜனம் மலையோரமாகப் பதினான்கு கிலோமீட்டர் ஒரே திசையில் நகர்கிறது. நடுரோட்டில் கரும்புச்சாறு வண்டியை நிறுத்திப் பாருங்கள், ஒருத்தராவது திரும்பி வருவாரா? வளைந்து போய்க்கொண்டே இருப்பார். எலெக்ட்ரானும் அழுக்கைக் கண்டால் அப்படித்தான். ஒரே வித்தியாசம், காந்தத்தைத் திருப்பிவைத்தால் எலெக்ட்ரான் எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்துவிடும். இங்கே அந்த யோசனையைச் சொல்பவர் ஊர் போய்ச் சேரமாட்டார்.

எல்லாம் புரிந்துவிட்டது என்று நிமிரவும் வழியில்லை. அதற்கு முன்பே, 1981-ல் டேனியல் ட்ஸூய் தன் கிராஃபை விரலால் சாண்போட்டார். வகுக்கும் எண் முழு எண்ணாக இல்லாமல், மூன்றில் ஒரு பங்காக ஒரு படி! "க்வார்க்!" என்று, மின்சுமை மூன்றில் பங்குகளாக இருக்கும் துகளைச் சொல்லி ஜோக் அடித்தார். பின்னால் இஸ்ரேலில் மோட்டி ஹைபிளம் குழு அளந்தபோது, அங்கே ஓடும் சரக்கின் மின்சுமை நிஜமாகவே மூன்றில் ஒன்று. இதற்கு 1998 நோபல், ட்ஸூய், ஸ்டார்மர், லாஃப்லின் மூவருக்கும். ட்ஸூய் அளந்த படிகத்தை வளர்த்துக் கொடுத்த ஆர்தர் கோசார்ட்? நோபலில் மூன்று நாற்காலிதான்.

பிறகு 2/5, 3/7 என்று பின்னங்கள் வரிசைகட்டின. ராஜஸ்தான் சாம்பரில் பிறந்த ஜைனேந்திர ஜெயின் 1989-ல் கணக்கை நேர்செய்தார். எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் காந்தத்தில் இரண்டு துணுக்கைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு புதுத் துகள்போல நடக்கிறது, பின்னமெல்லாம் அதற்கு முழு எண்தான் என்றார். வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே 1989-ல்தான். கலெக்டர் ஆபீஸ் இன்று வேங்கிக்காலில் இருக்கிறது. ஜெயினுக்கு வுல்ஃப் பரிசு, ஹைபிளம், ஐசன்ஸ்டைனோடு சேர்த்து, 2025-ல் வந்தது. எங்கோ ஓர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அன்பர்கள், எந்த ஆபீஸ் என்று நான் சொல்லவில்லை, தெம்பாக இருங்கள்.