ஒரு லட்சம் பேர், ஒரே அரைமணி

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மேட்ச்சுக்குப் போன என் மகன், முதல் கால் பகுதி முழுக்க வாசல் வரிசையிலேயே நின்றானாம். இவ்வளவு சோதனை தேவையா?

பதில்: சோதனை தேவைதான். 2005 அக்டோபரில் ஓக்லஹோமா பல்கலைக்கழக அரங்கத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, வெளியே வெடிகுண்டு வெடித்து ஒரு மாணவர் இறந்தார். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. 2017 முதல் எஸ்.ஈ.சி. என்ற தென்கிழக்குக் கூட்டமைப்பின் கல்லூரிகளில் நடக்கும் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு, சின்ன பர்ஸைத் தவிர, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோக முடியும். பை திறந்த புத்தகமாகிவிட்டது. வாசல்தான் இன்னும் திறந்தபாடில்லை!

கணக்கைப் பாருங்கள். மிச்சிகன் அரங்கத்தில் 1,07,601 இருக்கைகள். ஆளுக்குப் பத்து விநாடி, நூறு வழிகள் என்று வைத்தால்கூட எல்லோரும் நுழைய மூன்று மணி நேரம் ஆகும். ரசிகர்களோ கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி அரைமணியில் மொத்தமாகக் கிளம்பி வருகிறார்கள். அந்த டெயில்கேட் விருந்தை விடச் சொல்ல எனக்கு மனசில்லை. பாதித் திருவிழாவே அதுதானே! உங்கள் மகன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாசலில் போனை எடுத்தால் டிக்கெட் வருவதற்குள் நெட்வொர்க் திணறும். டிக்கெட்டை வீட்டிலேயே போனில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் பழியை ரசிகர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். சொந்த மைதானத்தில் வருடத்துக்கு ஆறேழு ஆட்டம்தான். அதற்காகத் தற்காலிக ஆட்களைப் பிடித்துவந்து நிறுத்துகிறார்கள். பயிற்சியாளருக்குக் கோடிகளைக் கொட்டும் பல்கலைக்கழகம், வாசலில் இன்னும் இருபது வழிகளும், செப்டம்பர் வெயிலில் நிற்பவருக்குக் குடிதண்ணீரும் கொடுக்கட்டும்.