எங்க வீடு நீங்கலாக: காலடிப்பேட்டைக் குடவரிசை குறித்து ஓர் ஆராய்ச்சி

தண்ணீர் டேங்குக்கு முன்னால் வைக்கப்பட்ட காலிக் குடம் ஒரு பொருளா, ஓர் ஆளா என்ற கேள்வியை நம் அறிஞர்கள் இதுவரை உரிய அக்கறையோடு ஆராயவில்லை. கல்வெட்டுக்குப் படியெடுத்தார்கள், ஓலைச்சுவடிக்குப் பாடபேதம் கண்டார்கள். காலடிப்பேட்டைத் தெருமுனையில், கறுப்பு சின்டெக்ஸ் டேங்கின் முன்னால், ஒரு மனிதர்கூட இல்லாமல் குடங்கள் மட்டும் வரிசை கட்டி நிற்பதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களத்தின் வரலாறு சுருக்கமாக. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அவர் காலத்தில் எழுந்தது என்பது ஊர் வழக்கு. தறிகள் போயின, சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்தன, 2011இல் இந்த ஊர் அடங்கிய திருவொற்றியூர் நகராட்சியே சென்னை மாநகராட்சிக்குள் போனது, 2021 பிப்ரவரியில் தலைக்கு மேல் மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது. குடவரிசை மட்டும் நகரவில்லை. வடசென்னையை மனதில் வைத்து, மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் வந்தது. நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் அதன் திறன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கடலிலிருந்து வந்தாலும் ரயிலில் வந்தாலும், கடைசி நூறடியைத் தண்ணீர் இடுப்பில்தான் கடக்கிறது. அந்த நூறடியின் சட்டம்தான் நம் பொருள்.

தொல்காப்பியர் வகுத்த முறைப்படி பார்த்தால் குழாயடியும் ஒரு திணையே. முதற்பொருளில் நிலம், டேங்கும் அதைச் சுற்றிய சேறும். பொழுது, டேங்கை நிரப்பும் தண்ணீர் லாரி வரும் நேரம். அது எப்போது என்று லாரிக்காரருக்கே தெரியாதாகையால், எல்லாப் பொழுதும். கருப்பொருள்: பிளாஸ்டிக் குடம், பக்கெட், பெயின்ட் டப்பா, அவற்றுக்கு நடுவில் படுத்திருக்கும் நாய். உரிப்பொருள் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். ஊடல் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அடிப்படை விதி எளிது. குடம் இருக்கும்வரை ஆள் இருப்பதாகக் கொள்ள வேண்டும். குடத்துக்கு உரியவர் வீட்டில் சோறு வடிக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், தூங்கவும் செய்யலாம். அவர் சுதந்திரம் அது. அவர் சார்பாக நிற்கும் கடமை குடத்துடையது. ரேஷன் கடையில் இதே பதவியைச் செங்கல்லும் பையும் வகித்ததுண்டு. மண்ணெண்ணெய்க் காலத்தில் தகர டின். பதிலி மாறியதே ஒழியத் தத்துவம் மாறவில்லை.

தத்துவத்தில் இரண்டு கட்சிகள். முதல் கட்சியைக் குடவாதிகள் எனலாம்: வைத்தது வைத்ததுதான், தண்ணீர் வரும்போது ஆள் வந்தால் போதும். எதிர்க்கட்சி ஆள்வாதிகள். "குடத்த வெச்சுட்டு நீ பாட்டுக்கு சீரியல் பாப்ப, நாங்க இங்க வெயில்ல காயணுமா?" என்பது அவர்களது மூலச் சூத்திரம். இதற்குக் குடவாதிகள் தரும் மறுமொழியும் உறுதியானது: "உன்ன யாரு வெயில்ல நிக்கச் சொன்னது? நீயும் வெச்சுட்டுப் போயேன்." நடுநிலையாகச் சொன்னால் இரண்டுமே நியாயம். ஒருவரே காலையில் குடவாதியாகவும் மாலையில் ஆள்வாதியாகவும் இருப்பதை ஆய்வில் கண்டோம். எந்தக் குடத்துக்குப் பின்னால் தன் குடம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது.

குடத்தை அடையாளம் காண்பது தனித் துறை. ஒரே கடை, ஒரே அச்சு, ஒரே நீலம். ஆகவே கழுத்தில் துணிக்கிழிசல் கட்டுகிறார்கள், வயிற்றில் பெயின்டால் முதலெழுத்துப் போடுகிறார்கள், காய்ச்சிய கம்பியால் அடியில் சூடு வைக்கிறார்கள். நகப்பூச்சில் பூப்போட்ட குடம் ஒன்றும் உண்டு. அதற்கு மட்டும் வழக்கு வந்ததில்லை.

அடுத்து குற்றவியல். வரிசையில் குடத்தை நகர்த்துவது குற்றம்தான், ஆனால் எல்லா நகர்த்தலும் ஒன்றல்ல. கையால் தூக்கி ஓரமாக வைத்தால் அது தகராறு, பேசித் தீரும். காலால் தள்ளினால் அது அவமானம், தீர நாளாகும். "தண்ணி போனா போவுது யக்கா, கால்ல தள்ளினா பாரு" என்ற வாக்குமூலம் இழப்பீட்டுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் கவனிக்கத் தக்கது. இழந்தது நாலு குடம் தண்ணீர். கேட்கும் பரிகாரம் ஒரு "மன்னிச்சுக்கோ". அது மட்டும் கிடைப்பதில்லை.

விதியைவிட விலக்குகள்தான் இங்கே வளமானவை. சாவு வீட்டுக் குடம் முதலில் நிரம்பும்; அதில் இரண்டு கருத்து இல்லை, வரிசையே தானாக விலகும். பிள்ளை பெற்ற வீடும் அப்படித்தான். ஆயா ஒருத்தி வந்தால் கடைசிக் குடக்காரி முணுமுணுப்பாள், முதல் குடக்காரி வழிவிடுவாள்; தாராளம் எப்போதும் வரிசையின் முன்பக்கத்தில்தான் சுரக்கிறது. எண்ணூரில் லேலண்டுக்கோ திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப்புக்கோ முதல் ஷிப்ட் போகிறவர் வீட்டுக்குச் சலுகை உண்டா? உண்டு என்று ஷிப்ட் வீடுகள் சொல்கின்றன. கல்யாண வீடு? "கல்யாணம் பண்றவங்களுக்கு ஒரு லாரி சொல்ல வக்கில்லையா?" என்று கேட்டு அந்த மனு தள்ளுபடியானது. இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. வரிசை வேண்டும் என்பதில் தெரு முழுக்க ஒரே மனது, எங்க வீடு நீங்கலாக.

இந்த மனப்பான்மைக்கு வேர் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடுத்த மெட்ரோ நிறுத்தம் தேரடி. அங்கே தியாகராஜ சுவாமி கோயில். முன்பொரு மன்னன் ஊர்களுக்கெல்லாம் வரி ஆணை அனுப்ப, ஓலையில் ஒற்றியூர் மட்டும் நீங்கலாக என்று வரிகளுக்கு இடையே ஒரு வரி முளைத்திருந்ததாம். ஓலை நாயகம் எழுதவில்லை, மன்னன் சொல்லவில்லை; இறைவனே எழுதினான் என்று தலபுராணம் தீர்ப்பளித்தது. எழுத்தறியும் பெருமான் என்று அவனுக்குப் பெயரும் வந்தது. பொது விதியில் விதிவிலக்கு வாங்கித் தந்த தெய்வத்தின் நிழலில் வாழ்கிறவர்களிடம் போய், விதி எல்லாருக்கும் ஒன்று என்று எப்படிச் சொல்வது?

நாட்டுச் சட்டமும் நமக்கு இளைத்ததல்ல. ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. உடனே, பண்டிகைக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம் என்று நீங்கலாகவும் போடுகின்றன. ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஒவ்வொரு தெருவும் அந்தப் பதினைந்தும் தன் பதினைந்துதான் என்று நம்புவதை யார் தடுப்பது? நமக்கு மேற்கே மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிவாசிகளுக்கும் பக்கத்துப் பிரார்த்தனைக் கூடத்துக்கும் மூண்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு: வழிபடும் உரிமை உண்டு, ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் அடுத்தவர் அமைதியைக் கெடுக்கும் உரிமை அதில் அடங்காது. விசாரணையில், சாலையில் ஓடும் வண்டிகளின் சத்தம்தான் பெரிது என்ற வாதமும் வந்தது. குழாயடி ஆய்வாளனுக்கு இது பரிச்சயமான வாதம். நம் அக்காமாரும் "என்னைக் கேக்குறியே, அவளக் கேட்டியா?" என்றுதான் தொடங்குகிறார்கள்.

குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு அடிபம்பு எழுப்பும் டொக் டொக்குக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர் ஒருவர் சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கிறார். இந்தப்பக்கம் பம்பு அடிப்பவருக்கு அந்த நேரம் விட்டால் தண்ணீர் இல்லை. இதில் யார்மீது வழக்குப் போடுவது என்று எமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளிப்படையான மீறல்கள். குடத்தைத் தள்ளினால் தெரு பார்க்கும், மறுநாளும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும்; குடவரிசை இத்தனை காலம் பிழைத்திருப்பது அந்த ஒரு கூச்சத்தால்தான். மோட்டாருக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அது கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுப்பது குற்றம். பிடிபட்டால் மோட்டாரையே பறிமுதல் செய்வார்கள். பிடிபடுவது எப்படி? உர்ர் என்ற சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினால், "சம்ப்புலேந்து மேல ஏத்துறேன், அதுவும் கூடாதா?" என்பார். அது கூடும். குற்றத்துக்கும் குற்றமின்மைக்கும் ஒரே சத்தம். ஆனால் தெருவின் கடைக்கோடி வீட்டுக்கு ஒரு சோதனை தெரியும். குழாயைத் திறந்து வாயில் உள்ளங்கையை வைப்பார்கள். தண்ணீர் வெளியே வராமல் கையை உள்ளே உறிஞ்சினால், மேலே எவரோ இழுக்கிறார். எவர் என்பதை மட்டும் உள்ளங்கை சொல்லாது.

இங்கேயும் தலபுராணம் முன்னோடி. ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்க, அவரைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் போய் மகிழ மரத்தடியில் இரும் என்று சிவனிடம் தனியே ஏற்பாடு செய்துகொண்டார். கடவுள் இல்லாத கருவறையில் செய்த சத்தியம் கட்டுப்படுத்தாதல்லவா? சிவனோ கனவில் சங்கிலியாரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட, சத்தியம் மரத்தடிக்கே மாறியது. பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குப் பார்வை போனது. மோட்டார்காரர்களுக்கு இதுவரை அப்படி ஒன்றும் நேரவில்லை.

அண்மைக்கால வளர்ச்சி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் குடிவந்த ஒருவர் குடமே எடுத்து வரவில்லை. டேங்க் குழாயில் பச்சை டியூபைச் செருகி, மறுமுனையை வீட்டு டிரம்மில் போட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். குடவாதிகளும் ஆள்வாதிகளும் ஒன்றுசேர்ந்து நியாயம் கேட்கப் போனது வரலாற்றில் அதுவே முதல் முறை. அவர் பேப்பரை மடித்தார். "வரிசை குடத்துக்குத்தானேம்மா? டியூப் பத்தி எதுனா பேசி வெச்சிருக்கீங்களா?" பேசி வைத்திருக்கவில்லை. மூத்தவர்கள் கூடி விவாதித்தார்கள். டியூபும் ஒருவகை நீண்ட குடமே என்று ஒரு கருத்தும், குடமாக இருந்தால் அதுவும் வரிசையில் நிற்கட்டுமே என்று மறு கருத்தும் எழுந்தன. வழக்கு நிலுவையில் இருக்கிறது. டிரம் நிரம்பிவிட்டது.