எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

கேள்வி: பௌத்தம் பற்றிப் படிக்க ஆசை. முதலில் எதை வாங்குவது?
– தறி ஓட்டும் வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: புத்தரைத் தேடி கயாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்டது, உங்களுக்குப் பக்கத்துக் காஞ்சிபுரத்தில்தான்! எளிய உரையோடு 'மணிமேகலை'யை வாங்குங்கள். நேராக ஆபுத்திரன் கதைக்குப் போங்கள். வேள்விப் பசுவை மீட்டதற்காக அடிபட்டு, ஊரைவிட்டே துரத்தப்பட்டவன். மதுரையில் பிச்சையெடுத்து, கண் தெரியாதவர்க்கும் கால் முடங்கியவர்க்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றவன். கருணை என்றால் என்னவென்று அவனைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் சொல்லித்தர முடியாது. 29-ஆம் காதை முழுக்கத் தர்க்கம். பாவு போடாமல் தறி ஓடுமா? அதைக் கடைசியில் படிக்கலாம்.

அடுத்து, மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' (1940). தமிழ் மண்ணில் பௌத்தம் வாழ்ந்த ஊர்களை அதில் பார்க்கலாம்.

பிறகு அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்'. அவர் மறைந்த மறு ஆண்டு, 1957-இல் வந்தது; பெரியார்தாசன் தமிழாக்கம் இருக்கிறது. தடிமனைப் பார்த்து மிரளாதீர்கள். கிழவர், நோயாளி, பிணம் பார்த்துத் துறவு என்ற பழைய கதையை அம்பேத்கர் ஏற்கவில்லை. சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்று நீரில் தகராறு. போர் வேண்டாம் என்றார் சித்தார்த்தர், வெளியேற நேர்ந்தது. பாலாற்றுக்காரர்களுக்கு அந்த அத்தியாயம் உடனே புரியும்.