பட்டு வேண்டாம், பருத்தி போதும்

கேள்வி: வெள்ள நிவாரணத்துக்கு என் பழைய பட்டுப்புடவைகளைக் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர் பட்டு கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவார்? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வந்து இறங்கிய பழந்துணி சாலையோரம் மலையாகக் கிடந்தது. மீனவ மக்கள் தொடவில்லை. கிழிசலை நீட்டினால் யாருக்குத்தான் ரோஷம் வராது? டெல்லியின் 'கூஞ்ச்' அமைப்புதான் அதை அள்ளித் தரம் பிரித்தது. உடுத்த லாயக்கில்லாத துணியை அடுக்கித் தைத்து விரிப்பாக்குவது அவர்கள் வழக்கம். நீங்களும் செய்யலாம். நூல் புடவைகளைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, நாலு மடிப்பாக அடுக்கி, நெருக்கமாக நூலோட்டுங்கள். முகாமின் சிமென்ட் தரையில் படுப்பவருக்கு அது மெத்தை. பட்டு பீரோவிலேயே இருக்கட்டும், ஜரிகை முதுகைக் குத்தும். ஊசியையும் உள்ளேயே விட்டுவிடாதீர்கள், அது ஜரிகையைவிட நன்றாகக் குத்தும்!