ஏ, ஆன், தி: பின்வருவோர் எண்ணிக்கை குறித்த ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள்கள் மூன்று: ஏ, ஆன், தி. முதலிரண்டும் உண்மையில் ஒன்றே. உயிரொலி வந்தால் ‘ஒரு’ ‘ஓர்’ ஆவதுபோல ‘ஏ’ ‘ஆன்’ ஆகிறது. ‘ஒன்று’ என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்தவை என்பதால், பின்னால் வரும் பெயர் ஒருமையாகவே இருக்க வேண்டும் என்பதில் இவற்றுக்குப் பிடிவாதம் அதிகம். ‘ஏ புக்’ உண்டு. ‘ஏ புக்ஸ்’ கிடையாது. ‘தி’க்கு ஒன்றும் சம்மதம், பலவும் சம்மதம். பாடநூல்கள் இத்தோடு அத்தியாயத்தை முடித்துக்கொள்வது விவேகம்தான்.

ஏனெனில் அடுத்து வருவது ஃபர்னிச்சர். அதற்கு முன்னால் ‘ஏ’யும் ஆகாது, கடைசியில் ‘எஸ்’ஸும் ஆகாது, நாற்காலி நாலானாலும் நாற்பதானாலும் ஃபர்னிச்சர்தான். ‘அட்வைஸ்’ அதே இனம். எத்தனை உறவினர் சொன்னாலும் அது பன்மையாவதில்லை, அளவும் குறைவதில்லை. ‘நியூஸ்’ வாலில் ‘எஸ்’ வைத்துக்கொண்டே ஒருமையாக நடக்கும். ஆனாலும் ‘ஏ நியூஸ்’ பிழை.

காற்சட்டை இடுப்பில் ஒன்று, காலில் இரண்டு. ஆகவே ‘ஏ ட்ரவுசர்ஸ்’ என்னாமல் ‘ஏ பேர் ஆஃப் ட்ரவுசர்ஸ்’ என்பர். (சட்டைக்கும் இரண்டு கை உண்டு, அதற்காகப் பரிந்து பேச ஆளில்லை.)

‘ஏ’யின் பிடிவாதமும் ஆளைப் பார்த்துத்தான். ‘ஏ ஃபியூ புக்ஸ்’, ‘ஏ டஜன் எக்ஸ்’, ‘ஏ தௌசண்ட் பீப்பிள்’ என்று ஆயிரம் பேர் பின்னால் நின்றாலும் வாய் திறப்பதில்லை. அது பார்ப்பது தொகுதியை. உள்ளே எத்தனை என்பது அதன் கவலையன்று.

தமிழர் இடறும் இடம் ‘ஒன் ஆஃப் தி’. ‘ஒன்’ என்று கேட்டதுமே மனம் ஒருமையென்று தீர்ப்பெழுதி, ‘ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்’ என்று முடித்துவிடுகிறது. பலருள் ஒருவர் என்பதால் ‘ஸ்டூடண்ட்ஸ்’ என்பதே சரி; வினைதான் ஒருமை. நாலு மாடு, பத்து இட்லி என்று எண்ணை முன்னால் சொல்லிவிட்டுக் ‘கள்’ளைக் கைவிடும் பழக்கமும் இதில் கூட்டாளி. அப்பெயர்களுக்கு நன்னூல் பால்பகா அஃறிணை என்று தனி இடமே தந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை செம்மறியாட்டுக்கும் மீனுக்கும் இன்னும் சிலவற்றுக்கும் மட்டுமே.

எஞ்சியது ‘இன்னிங்ஸ்’. கிரிக்கெட்டில் ஒருமைக்கும் பன்மைக்கும் இதே வடிவம். ‘ஆன் இன்னிங்ஸ்’ பிழையன்று. பேஸ்பால் ஆடும் அமெரிக்கர்தான் ‘எஸ்’ஸை நீக்கி ‘ஆன் இன்னிங்’ என்கின்றனர். 1955இல் ஆக்லாந்தில் இங்கிலாந்திடம் நியூசிலாந்து 26 ரன்னுக்குச் சுருண்டதும் இலக்கணப்படி ‘எஸ்’ குறையாத ஓர் இன்னிங்ஸே.